திங்கட்கிழமை என்ன ஆகும்?

1980-களின் அமெரிக்க வாலிபர் படங்களைப் பற்றி ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை



இன்று நாம் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் நம் ஊர் சினிமா அல்ல, அமெரிக்க சினிமா. அதிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கதாநாயகர்களாக வைத்து 1980-க்கும் 1990-க்கும் இடையில் அந்நாட்டில் வந்து குவிந்த படங்கள். “பஞ்சுத் தூசியில் இருமுகிறவனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

நாங்கள் சிலர் இந்தப் படங்களைச் சமீபத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டமும் பாட்டமும் காதலும்தான் இருக்கும் என்று நினைத்தோம். அவையெல்லாம் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே உருக்காலை இருந்தது. வேலை போன தகப்பன் இருந்தான். ஆட்குறைப்பு நோட்டீஸ் இருந்தது. ஏழை வீட்டுப் பெண் பணக்கார வீட்டு வாசலில் நின்று கூசிய கூச்சம் இருந்தது. இதைப் பார்த்த பிறகு, “இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்” என்று எப்படி ஒதுக்குவது?

சனிக்கிழமை ஐந்து பேர்

1985-ம் ஆண்டில் வந்த ஒரு படத்திலிருந்து ஆரம்பிப்போம். ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ என்று அதற்குப் பெயர். எழுதி டைரக்ட் செய்தவர் ஜான் ஹியூஸ். கதை மிகவும் சின்னது. சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். 1984-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி, சனிக்கிழமை. ஐந்து பிள்ளைகளை நாள் முழுதும் நூலகத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதுதான் தண்டனை. ஒருத்தி செல்வந்தர் வீட்டுப் பெண். ஒருவன் மல்யுத்த வீரன். ஒருவன் நன்றாகப் படிக்கிறவன். ஒருத்தி யாரோடும் பேசாதவள். ஒருவன் முரடன், ஏழை.

மத்தியான வேளை வருகிறது. அவரவர் சாப்பாட்டை எடுக்கிறார்கள். செல்வந்தர் வீட்டுப் பெண்ணின் பெட்டியில் ஜப்பானிய முறையில் செய்த மீன் பலகாரம் அழகாக அடுக்கியிருக்கிறது. படிக்கிறவனுக்கு அம்மா ரொட்டியின் ஓரத்தைக்கூட நறுக்கி எடுத்துவிட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். முரடன் என்று பெயர் எடுத்தவனிடம் மட்டும் ஒன்றும் இல்லை. அவன் மற்றவர்களைக் கேலி செய்துகொண்டு பொழுதைப் போக்குகிறான். தோழர்களே, நடவு வரப்பில் தூக்குப் போசியைத் திறக்கிற நேரத்தில், கொண்டு வராதவர் எப்படி எழுந்து அந்தப் பக்கம் போய் நிற்பார் என்று நமக்குத் தெரியும். அந்தப் பையன் சட்டைக் கையை மடித்து, தகப்பன் சுருட்டால் சுட்ட வடுவையும் காட்டுகிறான். இதை எடுத்தவருக்குப் பசியும் அவமானமும் என்னவென்று தெரிந்திருக்கிறது. அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாலைக்குள் ஐந்து பேரும் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், நண்பர்களாகிறார்கள். அப்போது நன்றாகப் படிக்கிற பையன் ஒரு கேள்வி கேட்கிறான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் நாம் நண்பர்களாக இருப்போமா? எல்லோர் முன்னிலையிலும் ஒருவரோடு ஒருவர் பேசுவோமா? செல்வந்தர் வீட்டுப் பெண் ஒளிக்காமல் பதில் சொல்கிறாள். இருக்க மாட்டோம் என்கிறாள்.

கேள்வியும் நல்ல கேள்வி, பதிலும் உண்மையான பதில். ஆனால் படம் என்ன செய்கிறது? சனிக்கிழமை மாலையிலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பெண் தன் வைரத் தோட்டைக் கழற்றி முரடனிடம் கொடுக்கிறாள். அவன் முஷ்டியை உயர்த்திக்கொண்டு விளையாட்டு மைதானத்தின் வழியே நடக்கிறான். பாட்டு ஒலிக்கிறது. திங்கட்கிழமை வருவதே இல்லை!

நாங்கள் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். சுவர் எங்கே இருக்கிறது என்று கண்ணாரக் காட்டுகிறார்கள். இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் பணக்காரன் என்று கோடு போட்டே காட்டுகிறார்கள். அப்புறம் திங்கட்கிழமை வருவதற்குள் விளக்கைப் போட்டு, வீட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். ஏன் அப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வெளியே என்ன நடந்தது?

அந்த நாளில் அமெரிக்காவில் பெரிய பெரிய கடைத்தொகுதிகள் எழும்பின. ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கான கடைகள், அதற்குள்ளேயே பல திரைகள் கொண்ட சினிமா கொட்டகை. சாயங்காலமானால் அங்கே கூடுகிறவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகள். கையில் செலவுக்குக் காசு உள்ளவர்கள், ஒரே படத்தை இரண்டு மூன்று தரம் பார்க்கிறவர்கள். படமுதலாளிகளுக்கு இது தெரியாதா? அந்தப் பிள்ளைகளுக்கென்றே படம் எடுத்தார்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்று 1984-ம் ஆண்டு ஜூலையில் ஒரு தனித் தணிக்கை முத்திரையே உண்டாக்கினார்கள். வாலிபர் படம் ஒரு சரக்காயிற்று, அதற்கு ஒரு சந்தையும் ஆயிற்று.

நிற்க. கொட்டகைக்கு வெளியே என்ன நடந்தது? 1977-ம் ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதிக்குப் போவோம். ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரம். அங்கே ஒரு பெரிய உருக்காலையை மூடப் போவதாக ஒரு காலையில் அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை அந்த ஊர் மக்கள் இன்றுவரை ‘கறுப்புத் திங்கள்’ என்றே சொல்கிறார்கள். ஆம், அது ஒரு திங்கட்கிழமை! சினிமாவில் வராத திங்கட்கிழமை அந்த ஊரில் வந்துவிட்டது.

1981-ம் ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வேலை நேரத்தைக் குறை, சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டார்கள். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரக் கெடு வைத்தார். ஆகஸ்ட் 5-ம் தேதி 11,000-க்கு மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார். 1982-ம் ஆண்டின் கடைசியில் அந்நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் நூற்றுக்கு 10.8 ஆக ஏறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவரை காணாத அளவு அது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட் என்று 1981 ஜனவரியில் ஏற்பட்டது. 1990 மார்ச் முடியும்வரை, ஒன்பது வருஷங்களுக்கு மேல், அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. விலைவாசி மட்டும் சும்மா இருந்ததா? அது ஏறிக்கொண்டே போயிற்று.

1892-ல் தொழிலாளிகள் கம்பெனியின் கூலிப்படையோடு உயிரைக் கொடுத்துப் போராடிய இடம் ஹோம்ஸ்டெட். பிட்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் உள்ளது. அந்த உருக்காலையை 1986-ம் ஆண்டில் மூடினார்கள். அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு கடைத்தொகுதி. அதற்குள்ளே பல திரைகள் கொண்ட சினிமா கொட்டகை. பழைய ஆலையின் பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் ஞாபகார்த்தமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தகப்பன் இரும்பு உருக்கிய இடத்தில் பேரப்பிள்ளை சினிமா பார்க்கிறான்!

ஒரே ஆண்டில் இரண்டு படங்கள்

இந்த உருக்காலைப் பிரதேசத்தை வைத்தே 1983-ம் ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும்.

ஒன்று ‘ஆல் தி ரைட் மூவ்ஸ்’. பென்சில்வேனியா மாநிலத்து உருக்காலை ஊர் ஒன்றில் கதை நடக்கிறது. படம் பிடித்த ஊர் ஜான்ஸ்டவுன். அந்தச் சமயத்தில் அங்கே ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. டாம் குரூஸ் என்ற நடிகர் உருக்காலைத் தொழிலாளியின் மகனாக வருகிறார். தகப்பனும் ஆலையில், அண்ணனும் ஆலையில். ஆலையில் ஆட்குறைப்பு வருகிறது, அண்ணனுக்கு வேலை போகிறது. பையனுக்கு எஞ்சினியர் ஆக வேண்டும் என்று ஆசை. படிக்கப் பணம் இல்லை. கால்பந்து ஆடி உபகாரச் சம்பளம் வாங்கினால்தான் உண்டு. பயிற்சியாளரோடு ஒரு தகராறு, அதோடு அந்தக் கதவும் மூடிக்கொள்கிறது. அவனுடைய சிநேகிதிக்குச் சங்கீதம் படிக்க ஆசை. உனக்குக் கால்பந்தாவது இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். படத்திலேயே கனமான கேள்வி அதுதான்.

தோழர்களே, இந்தப் பையனை நாம் குறை சொல்ல மாட்டோம். நம்மைப் போல் நம் பிள்ளையும் மில் சங்குக்கு ஓடி, பஞ்சில் மூச்சடைத்துக் காய வேண்டும் என்று எந்தத் தகப்பன் விரும்புவான்? வெளியே போக வேண்டும் என்ற ஆசை துரோகம் அல்ல, மனித ஆசை. ஆனால் இந்தப் படம் எப்படி முடிகிறது? பயிற்சியாளருக்குக் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் வேலை கிடைக்கிறது. போகிற போக்கில் பையனையும் உபகாரச் சம்பளத்தோடு கூட்டிப் போக முன்வருகிறார். பையன் தப்பித்தான். நமக்கும் சந்தோஷம்தான். அண்ணன் என்ன ஆனான்? சங்கீதம் படிக்க நினைத்த பெண் என்ன ஆனாள்? அந்த ஊரில் மிச்சமுள்ளவர்கள் என்ன ஆனார்கள்? படம் அதைக் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் நுழைகிற அளவுக்குச் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, சுவரே விழுந்ததுபோல் நம்மைக் கைதட்ட வைக்கிறார்கள்.

இரண்டாவது படம் ‘ஃபிளாஷ்டான்ஸ்’. பிட்ஸ்பர்க்கில் பகலில் வெல்டிங் வேலை செய்கிற 18 வயதுப் பெண், இரவில் மதுக்கடையில் நடனம் ஆடுகிறாள். பெரிய நடனப் பள்ளியில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. வெல்டிங் செய்கிற பெண்ணைக் கதாநாயகியாக்கியதற்கு நாம் சபாஷ் சொல்லலாம். ஆனால் அவள் காதலிப்பது யாரை? தான் வேலை செய்கிற கம்பெனியின் முதலாளியை! நடனப் பள்ளியின் கதவு திறப்பது எப்படி? அந்த முதலாளி தனக்குத் தெரிந்த பெரிய மனிதருக்கு ஒரு போன் போட்டு! அவளுக்கு அதில் கோபம் வருகிறது, ரோஷம் வருகிறது. பிறகு போய் ஆடுகிறாள், ஜெயிக்கிறாள். முதலாளி கையில் பூங்கொத்தோடு வெளியே காத்து நிற்கிறார். பிட்ஸ்பர்க்கைச் சுற்றி உலைகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்த ஆண்டில் காட்டப்பட்ட கதை இது.

ஆடியவள் பெயர் எங்கே?

கதை ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் படம் தயாரானபோது நடந்ததைக் கேளுங்கள். கதாநாயகியாக நடித்தவர் ஜெனிபர் பீல்ஸ். ஆனால் படம் முழுதும் பெரும்பாலான நடனங்களை ஆடியவர் மரீன் ஜஹான் என்ற இன்னொரு பெண். முகம் ஒருவருடையது, உடம்பின் உழைப்பு இன்னொருவருடையது. படத்தின் பெயர் வரிசையில் ஆடியவர் பெயரைப் போடவில்லை.

அதோடு போகவில்லை. கனடா நாட்டு டோராண்டோ நகரில் ஒரு பெண் பகலில் கட்டட வேலையும் இரவில் நடனமுமாகப் பிழைத்துவந்தார். அவருடைய வாழ்க்கைதான் கதைக்கு ஆதாரம். 1982 டிசம்பரில் அவரிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கி 2,300 டாலர் கொடுத்தார்கள். படம் உலகம் முழுதும் சுமார் 20 கோடி டாலர் வசூலித்தது. பின்னாளில் அவர் வழக்குப் போட்டார். 2006-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இனி பாத்தியதை இல்லை என்று தீர்த்துவிட்டது. வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கப்பட்ட கதைகள் நம் பாட்டன்மார் காலத்திலிருந்து நமக்குப் பழக்கம். ஹாலிவுட்டில் தாள் வெற்றுத் தாள் அல்ல, நன்றாக டைப் அடித்த தாள். அவ்வளவுதான் வித்தியாசம்!

முடிவை மாற்றினார்கள்

இன்னொரு படத்துக்கு வருவோம். 1986-ல் வந்த ‘பிரெட்டி இன் பிங்க்’. ஜான் ஹியூஸ் எழுதி, ஹோவர்ட் டாய்ட்ச் டைரக்ட் செய்தது. மாலி ரிங்வால்ட் என்ற இளம் நடிகை கதாநாயகி. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஏழைகள் குடியிருப்பு. அங்கே அந்தப் பெண்ணும் தகப்பனும். தாய் வீட்டை விட்டுப் போய்விட்டாள். தகப்பனுக்கு நிலையான வேலை இல்லை. மகளிடம் வேலைக்குப் போவதாகப் பொய் சொல்லிக்கொண்டு, மனம் உடைந்து கிடக்கிறான். பெண் பள்ளிக்கூடம் போகிறாள். அது முடிந்ததும் கிராமபோன் தட்டுக் கடையில் வேலை செய்கிறாள். பழைய துணியை வெட்டித் தைத்து அவளே உடுத்திக்கொள்கிறாள். பணக்காரப் பிள்ளைகள் அந்த உடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு பணக்காரப் பையன் மேல் காதல். அவன் அவளைப் பள்ளி நடன விழாவுக்கு அழைக்கிறான். பிறகு அவனுடைய கூட்டத்தார் கேலி செய்ததும், வேறொருத்தியை முன்பே அழைத்துவிட்டேன் என்று பொய் சொல்லி விலகிக்கொள்கிறான். அவளோ இரண்டு உடைகளைப் பிரித்து ஓர் உடையாகத் தைத்து, தலைநிமிர்ந்து தனியாகவே விழாவுக்குப் போகிறாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்திலேயே டக்கி என்று ஒரு பையன் இருக்கிறான். கோமாளிபோல் திரிந்தாலும் அவள்மேல் உயிரையே வைத்தவன்.

முதலில் எடுத்த முடிவு என்ன? ஏழைப் பெண்ணும் டக்கியும் கைகோத்து, பணக்காரர்களின் நடன மேடையில் ஆடுவதாக முடித்திருந்தார்கள். படத்தை வெளியிடுமுன் பொறுக்கி எடுத்த கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. பணக்காரப் பையனோடுதான் அவள் சேர வேண்டும் என்றார்கள். உடனே நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டு முடிவை மாற்றி எடுத்தார்கள். பணக்காரப் பையனாக நடித்தவர் அதற்குள் ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்திருந்தார். அவருக்கு டோப்பா மாட்டி, மன்னிப்புக் கேட்க வைத்து, காதலைச் சேர்த்துவைத்தார்கள்!

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகப் பேச வேண்டும். முடிவை மாற்றச் சொன்னவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல, பார்க்க வந்த வாலிபப் பெண்களுமே. அவர்களை நாம் திட்டலாமா? கூடாது. ஏழைப் பெண் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். தாண்டுவதற்கு வேறு வழி எதையும் எந்தப் படமும் அவர்களுக்குக் காட்டியதில்லை. ஒரு பணக்காரப் பையனின் கை ஒன்றுதான் வழி என்றால் அந்தக் கையைத்தானே பிடிக்கச் சொல்வார்கள்? குற்றம் ஆசையில் இல்லை. ஒரே ஒரு வழியைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்ததில் இருக்கிறது.

ஹியூஸுக்கும் இது உறுத்தியிருக்கும் போலும். மறு ஆண்டே, 1987-ல், ‘சம் கைண்ட் ஆஃப் ஒண்டர்ஃபுல்’ என்ற படத்தை எழுதினார். டைரக்டரும் அதே டாய்ட்ச். இதில் ஏழை, பையன். மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறான். தகப்பன், மகன் கல்லூரிக்குப் போவான் என்று கனவு காண்கிறான். மகனோ கல்லூரிக்குச் சேர்த்த பணத்தையெல்லாம் ஊர் மெச்சும் ஒரு பெண்ணுக்கு வைரத் தோடு வாங்கக் கொட்டிவிடுகிறான். கடைசியில் புத்தி வந்து, கூடவே திரிந்த சிநேகிதியின் காதில் அந்தத் தோட்டைப் போடுகிறான். இந்த முடிவு நமக்குப் பிடிக்கிறது. ஆனாலும் அந்தத் தகப்பன் பக்கமும் நம் மனம் போகிறது. அந்தப் பணம் எத்தனை நாள் உழைப்பு? திங்கட்கிழமை கல்லூரிக்குப் பணம் எங்கே?

வேலை செய்கிற பிள்ளை

பிள்ளைகளின் வேலையை உள்ளபடி காட்டிய படமும் ஒன்று உண்டு. 1982-ல் எமி ஹெக்கர்லிங் என்ற பெண் டைரக்டர் எடுத்த ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிஜ்மாண்ட் ஹை’. இதை எழுதிய கேமரான் குரோ என்ற வாலிபர் மாணவன்போல் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, கண்ணால் கண்டதை எழுதினார். அதனால் இதில் பிள்ளைகள் சும்மா திரிவதில்லை, உழைக்கிறார்கள். ஒரு பெண் கடைத்தொகுதியில் பலகாரம் பரிமாறுகிறாள். அவளுடைய அண்ணன் இறைச்சி ரொட்டிக் கடையில் அடுப்படியில் நிற்கிறான். வாடிக்கைக்காரர் ஒருவர் வம்பு பேசுகிறார். பையன் வாய் திறந்து பதில் சொல்கிறான். அந்த நிமிஷமே வேலை போகிறது. அடுத்து ஒரு மீன் கடை. அங்கே கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். வேஷத்தோடு தெருவில் காரோட்டிப் போகிறபோது ஒரு பெண் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் அந்த வேஷத்தைக் கழற்றி எறிகிறான்.

தோழர்களே, மனிதன் உழைப்பை விற்கிறான். மானத்தையும் சேர்த்து விற்கச் சொன்னால் எப்படியிருக்கும் என்பதை இந்தச் சிரிப்புப் படம் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. பரிமாறுகிற அந்தப் பெண் கர்ப்பமாகிறாள். பாதிப் பணம் தருகிறேன் என்ற பையன் வரவில்லை. அண்ணன்தான் துணை நிற்கிறான், ஏசாமல், அடிக்காமல். இப்படிப்பட்ட அண்ணனை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்? ஆனால் இங்கும் முடிவு என்ன? அந்த அண்ணன் ஒரு சின்னக் கடையின் மானேஜராகிவிடுகிறான். வேலை செய்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகக் கூடி ஒரு வார்த்தை பேசுகிற காட்சி கிடையாது.

பெரிய வீட்டுப் பிள்ளை செய்தால்

பணக்காரப் பிள்ளைகளின் படங்களில் நடப்பது வேறு. 1983-ல் ‘ரிஸ்கி பிசினஸ்’ வந்தது. பெற்றோர் ஊரில் இல்லாதபோது மாளிகையை ஓர் இரவு விபசார விடுதியாக்கிப் பணம் பண்ணுகிறான் பையன். அவனுக்குத் தண்டனை என்ன? பேர்பெற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இடம்! இப்படித்தான் பெரிய மனிதர்கள் உண்டாகிறார்கள் என்று குத்திக் காட்டவே டைரக்டர் எண்ணினார், சோகமாக முடிக்கவும் விரும்பினார். படக் கம்பெனி விடவில்லை. இங்கும் முடிவை மாற்றினார்கள்.

1986-ல் வந்த ‘ஃபெரிஸ் புயூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் வசதியான வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, நண்பனுடைய தகப்பனாரின் விலைமதிப்பற்ற காரை எடுத்துக்கொண்டு சிகாகோவைச் சுற்றுகிறான். நாமும் ரசித்துச் சிரித்தோம், பொய் சொல்வானேன்? பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் 1930-ம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்தைப் பற்றியும், அந்தக் காலத்துப் பொருளாதார மந்தத்தைப் பற்றியும் ஒரே சுருதியில் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். ஹோம்ஸ்டெட் ஆலையை மூடிய அதே ஆண்டு இது. வேலையில்லாத் திண்டாட்டம் எப்படி வருகிறது என்ற பாடம் இந்தப் படத்தில் தூக்கம் வரவழைக்கும் தமாஷ்!

இன்னொன்றும் கவனித்தோம். அந்தக் காரைப் பாதுகாக்கும்படி ஒரு காரகத்தில் விடுகிறார்கள். அங்கே வேலை செய்கிற இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள். பையன் திருட்டுத்தனமாக எடுத்தால் அது வாலிப உல்லாசம். கூலிக்காரர்கள் எடுத்தால் நம்பிக்கை மோசம். செய்தது ஒரே காரியம், ஓட்டியதும் ஒரே கார்! படம் இரண்டுக்கும் சிரிக்கத்தான் வைக்கிறது. ஆனால் ஒருவனுடைய பெயர் படத்துக்கே பெயர். மற்ற இருவருக்கும் பெயரே இல்லை.

யாரைக் காணோம்?

காணாமல் போனவர்கள் இன்னும் உண்டு. 1983-ல் சிகாகோ நகர மக்கள் ஹரால்ட் வாஷிங்டனை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். அந்தச் சிகாகோவைச் சுற்றியே ஹியூஸின் படங்கள் நடக்கின்றன. கறுப்பினப் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1984-ல் வந்த ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தில் ஆசியாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வருகிறான். அவன் தலை காட்டும்போதெல்லாம் ஒரு மணியை அடித்துச் சிரிக்க வைக்கிறார்கள். அதே படத்தில் குடிமயக்கத்தில் கிடக்கும் ஒரு பெண்ணை ஒருவன் இன்னொருவனிடம் பொருளைப்போல் ஒப்படைக்கிறான். அதையும் தமாஷ் என்றார்கள்.

இதைப் பேசியவர் வெளியாள் அல்ல. அந்தப் படங்களின் கதாநாயகி மாலி ரிங்வால்ட் தாமே 2018-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் எழுதினார். தமக்குப் புகழ் தந்த படங்களில் ஒன்றைத் தம் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது மனம் சங்கடப்பட்டதை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் படங்கள் தனிமையில் தவித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆறுதல் தந்ததையும் சேர்த்தே சொன்னார். நேசிப்பதையும் கேள்வி கேட்க வேண்டும், கேள்வி கேட்பதற்காக நேசத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இந்தப் பாடத்தை நாமும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

துடைப்பம் பிடித்தவர்

கடைசியாக ஒரு மனிதரைக் காட்டிவிட்டு முடிக்கிறோம். மறுபடியும் அந்தச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம். அங்கே கார்ல் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி. முரட்டுப் பையன் அவரைக் கேலி செய்கிறான். துப்புரவுக்காரர் ஆவது எப்படி என்று கேட்கிறான். ஏழைப் பிள்ளையே உழைப்பாளியைக் கேலி செய்கிறான், பாருங்கள்! கார்ல் அசரவில்லை. இந்தக் கட்டடத்தின் கண்ணும் காதும் நான்தான், உங்கள் அத்தனை பேர் விஷயமும் எனக்குத் தெரியும் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, வேலையைப் பார்க்கப் போகிறார்.

படத்தின் ஆரம்பத்தில், கண் மூடித் திறப்பதற்குள் மறைகிற ஒரு காட்சி உண்டு. பள்ளிக்கூடச் சுவரில் பழைய மாணவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அந்த ஆண்டின் சிறந்த மாணவன் என்று ஒரு வாலிபனின் படம். உற்றுப் பாருங்கள். அது கார்ல்! அதே பள்ளியில் ஒரு காலத்தில் எல்லோரும் மெச்சிய மாணவன், அதே பள்ளியின் தரையைத் துடைக்கிறான். இடையில் என்ன நடந்தது? யார் கைவிட்டார்கள்? எந்த ஆலை மூடியது? படம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

தோழர்களே! அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று கேட்டார்கள் அல்லவா? அந்தச் சுவரில் மாட்டிய படமே பதில். ஐந்து பேரில் யாராவது ஒருவர் நாளைக்குக் கார்ல் ஆவார். அவரைக் கேலி செய்ய வேறு ஐந்து பேர் வருவார்கள்.

ஆகவே நம் பிள்ளைகள் சினிமா பார்க்கட்டும். தடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். “கதாநாயகன் தப்பித்தான், சரி. அவனோடு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? ஆடியவள் பெயரைப் போட்டார்களா? அந்தத் தகப்பனுக்கு வேலை கிடைத்ததா? திங்கட்கிழமை என்ன ஆயிற்று?” பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். அடுத்த படத்தில் அவர்களே தேடுவார்கள்.

சனிக்கிழமை எல்லோருக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் நமக்குச் சங்கு ஊதுவது திங்கட்கிழமை காலையில். அந்தக் காலையில் பக்கத்தில் நிற்கிறவன் யார், அவன் நம்மோடு பேசுவானா, நாம் அவனோடு பேசுவோமா? சினிமா முடிந்த இடத்தில் நம்முடைய கதை ஆரம்பமாகிறது. அதை எடுத்துச் சொல்லவே இன்று வந்தோம்.